ஆறு சிலிண்டருக்கு ஒரே சாட்சி: யமஹா ஓஎக்ஸ்66இல் திரும்பத் திரும்பக் கரி பிடிக்கும் பிளக்குகள்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆக்ஸிஜன் சென்சாரைப் பொருத்தி, எரிபொருளின் அளவை அதன் சொற்படி திருத்திக்கொள்ளச் செய்த யமஹாவின் ஓஎக்ஸ்66 வரிசை, 1990களின் பிற்பகுதியில் வந்த அவுட்போர்டு மோட்டார்களுள் துணிச்சலான ஒன்று. வி வடிவில் ஆறு சிலிண்டர்கள் அமைந்த, 150 முதல் 250 குதிரைத்திறன் வரையிலான இந்த மோட்டார்கள் ஃபுளோரிடா போன்ற அமெரிக்கக் கடலோரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் அதிகம் சொல்லும் குறை, புதிதாகப் போட்ட ஸ்பார்க் பிளக் சில மணி நேர ஓட்டத்திலேயே கரி பிடித்து இன்ஜின் மிஸ்ஸாகிறது என்பதே.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த புகையை வெளித்தள்ளுவதே உள்ளே வரும் புதுக்கலவைதான் என்பதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகைவழியில் தப்பிவிடுகிறது. பொதுவான புகைக்குழாயில் சென்சாரை வைத்தால் அது அந்தப் புதுக்காற்றையும் சேர்த்து முகர்ந்து தவறாகச் சொல்லும். இதைத் தவிர்க்க, முதல் சிலிண்டரின் வாயுவை மட்டும் ஒரு குறுகிய வழியாக எடுத்து, சென்சார் அமர்ந்துள்ள சிறிய அறைக்குள் விடும்படி வடிவமைத்தார்கள். சிர்கோனியாவால் ஆன இத்தகைய சென்சார், வாயுவில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், மிகுதியாக இருந்தால் 0.1 வோல்ட்டும் தரும். எண் தாழ்ந்தால் பெட்ரோல் போதவில்லை என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்து கூடுதலாகத் தெளிக்கும்.

அறிவார்ந்த ஏற்பாடுதான், ஆனால் ஆறு சிலிண்டருக்கும் ஒன்றே சாட்சி சொல்வது இதன் பலவீனம். முதல் சிலிண்டரின் பிளக் ஒருமுறை தீப்பொறி தவறினால், எரியாத ஆக்ஸிஜன் அப்படியே சென்சாரை அடைகிறது. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அது பொய்யாகச் சொல்ல, ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோல் கூடுகிறது. கூடிய பெட்ரோல் கரியாகிப் பிளக்கில் படிய, தவறுதல் மேலும் பெருகுகிறது. டூ-ஸ்ட்ரோக்கின் ஆயில் புகை சென்சாரின் முனையையும் வாயு வரும் வழியையும் மூடிவிட்டாலும் இதே வட்டம்தான் தொடங்குகிறது. ஆகவே பிளக்கை மட்டும் மாற்றி மோட்டாரைத் திருப்பிக் கொடுப்பது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதே.

பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு தட்டில் அடுக்குவது பாதி வேலையை முடித்துவிடும். ஆறிலும் உலர்ந்த கறுப்புத் தூள் படிந்திருந்தால் குறை பொதுவானது, அதாவது சென்சார், தெர்மோஸ்டாட் போன்றவற்றில் இருக்கிறது. ஒன்று மட்டும் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் காயில், இன்ஜெக்டர், அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால் உள்ளே தண்ணீர் புகுகிறதா என்று அஞ்ச வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது வெப்ப சென்சாரை. சூடு குறையக் குறைய மின்தடை கூடும் வகை அது; அதன் இணைப்பு முனையில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறினால் தடை செயற்கையாக உயர்ந்து, சூடான இன்ஜினையும் குளிர்ந்ததாகக் காட்டும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தர வேண்டும் என்பது பெட்டிக்குத் தெரிந்த விதி. மணல் சிக்கித் திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்டோ இன்ஜினை உண்மையிலேயே குளிர வைத்து, இதே விளைவைத் தருகிறது.

குறுக்குவழியாகச் சிலர் என்ஜிகே பிஆர்8ஹெச்எஸ்-10 பிளக்குக்குப் பதிலாக 7ஆம் எண் பிளக்கைப் போடுகிறார்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில் எண் குறைந்தால் பிளக்கின் முனை அதிகச் சூட்டில் நிற்கும். ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் என்பதால், மெதுவாகத் தூண்டிலிழுக்கும் படகில் இது உதவுவதாகவே தோன்றும். முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போதோ அதே சூடு கலவையைப் பொறிக்கு முன்பே பற்றவைத்துப் பிஸ்டனைத் துளைத்துவிடக்கூடும். பிளக்கைக் காப்பாற்ற இன்ஜினைப் பணயம் வைப்பது தகாது.

முதலில் ஆறு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, பின் தெர்மோஸ்டாட்டையும் வெப்ப சென்சாரின் இணைப்பையும் சரிசெய்து, அதன்பிறகே ஆக்ஸிஜன் சென்சாரின் அறையைத் திறப்பது நல்லது. குறுகிய வழியைச் சுரண்டும்போது கரித்துகள் சிலிண்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அறையை மூடும்போது சாதாரண சிலிக்கோன் பசை தடவினால் அதன் ஆவியே புதுச் சென்சாரைக் கெடுத்துவிடும். புதுப் பிளக்குகள் போடுவது கடைசி வேலை. பிறகு படகைத் திறந்த நீரில் சற்று நேரம் வேகமாக ஓட்டி, அந்த வேகத்திலேயே இன்ஜினை நிறுத்தி, பிளக்குகளை மீண்டும் தட்டில் அடுக்கிப் பார்க்கும்போது, ஆறின் பீங்கான் முனையும் இளங்காப்பி நிறத்தில் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஆறும் இன்னும் கறுத்திருந்தால் அறையை மறுபடி திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.