ஓலை எங்கேருந்து வருது?

மணப்பாடு பற்றி வரும் பயணக் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே கட்டுரைதான். மணல்மேட்டுச் சிலுவைக் கோயில், சவேரியார் குகை, அலைச்சறுக்கு. கடைசியில் போனால் போகிறது என்று மகளிர் பனை ஓலைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு பத்தி. ‘தலைமுறைகளாக வரும் கலை’ என்று ஒரு வரி, சாயமேற்றிய பெட்டியின் படம் ஒன்று. முடிந்தது.

பாராட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இவர்களுடைய கதை, ஓலை பெண்களின் மடிக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. நயமான பெட்டிக்கு வேண்டியது குருத்தோலை. இன்னும் விரியாத அந்த ஓலையை ஒருத்தர் உச்சி வரை ஏறித்தான் வெட்டணும். ஒரே மரத்தில் அடிக்கடி வெட்டினால் மரம் நலிந்துபோகும். மணப்பாடோ மீனவர் ஊர். பனைக்கூட்டம் உள்ளே தள்ளி, உடன்குடிப் பக்கத்துச் செம்மண் தேரியில் நிற்கிறது. அங்கே ஏறும் கை எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

குறை எழுதுகிறவர்களுடையது மட்டுமா? கூட்டுறவைப் பிரித்த விதமே அப்படி. பனையேறிகளுக்குப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள், அவற்றுக்கு மேலே பனைவெல்லமும் தும்பும் விற்க ஒரு மாநில இணையம். ஓலை முடையும் பெண்களுக்கு வேறு சங்கம். மரம் ஒன்று, பேரேடு இரண்டு. பனையேறி வீட்டில் பதநீர் காய்ச்சியவரே பெட்டியும் முடைந்த காலத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை. கருப்பட்டியும் கருவாடும் ஓலைப்பெட்டியில்தான் சந்தைக்குப் போயின.

இதே முத்துக்குளித்துறையில், ஆங்கிலேயர் காலச் சலாபத்தில், சிப்பியைக் கரையிலேயே குவித்து மூன்றில் ஒரு பங்கைக் குளித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தாராளம் என்று சொல்ல வரவில்லை. கணக்காவது கண்முன்னே நடந்தது. ஓலைப்பெட்டியின் விலைச்சீட்டில் ஏறினவர் பங்கு எவ்வளவு என்று யாரும் படிக்க முடியாது.

2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு பெற்ற கருப்பட்டி அட்டைப்பெட்டியிலும் பிளாஸ்டிக் கவரிலும் போகிறது, பக்கத்து ஊர் ஓலைப்பெட்டி கல்யாணத் தாம்பூலத்துக்கு ஆர்டர் பார்த்துக் காத்திருக்கிறது! 2019-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்த பிறகும் இந்த இரண்டு ஊரையும் சேர்த்துவைக்க அந்த வாய்ப்பு பயன்படவில்லை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, மரம் நிற்கும். ஏற ஆள் இல்லாத மரத்திலிருந்து குருத்து தானாக இறங்கி வராதே.

அடுத்து மணப்பாடு போகிறவர்கள் பெட்டியைப் படம் எடுங்கள், வாங்கவும் செய்யுங்கள். கூடவே ஒரு குருத்து என்ன விலைக்கு வருது, யார் வெட்டித் தர்றாங்க என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.