முதல் சீம்பால் யாருக்கு?

அச்சரப்பாக்கம் பக்கத்து ஊர்களில் சம்பா அறுத்து வைக்கோல் போர் ஏறிய பிறகு மாடு கன்று போட்டால், அதைவிட நல்ல நேரம் இல்லை. கன்றுக்குப் புது வைக்கோலே படுக்கை.

சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். மடி பெருத்து, வாலடி இருபுறமும் குழிந்ததுமே வீட்டுப் பெண்கள் நாள் சொல்லிவிடுவார்கள். முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் படிந்த மூக்கும் முதலில் தெரிந்தால் கவலையில்லை. அவசரப்பட்டு இழுக்காமல் காத்திருப்பதுதான் இங்கே கைத்திறன். கன்று விழுந்ததும் மூக்கு, வாய்க் கோழையை வழித்துவிட்டு, தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவினால் போதும். மற்றதைத் தாயின் சொரசொர நாக்கு பார்த்துக்கொள்ளும்: ஈரம் காயும், ரத்தம் ஓடும், மூச்சு சீராகும். ஒரு மணி நேரத்துக்குள் கன்று தள்ளாடி, விழுந்து, மறுபடி எழுந்து, காம்பைத் தேடும்.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது வழக்கம். பால் வடியும் மரம் மாட்டுக்கும் பால் பெருக்கும் என்பது நம்பிக்கை.

அடுத்து சீம்பால். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் திரண்டு கட்டியாகும். அக்கம்பக்கத்துக்கும் ஒரு கிண்ணம் போகும். ஆனால் மாட்டின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் 24 மணி நேரத்தில் குடலுக்கு இல்லாமல் போய்விடும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். கன்று குடித்து மிஞ்சியதை மட்டும் அடுப்பில் ஏற்றுங்கள்.