மூன்று நாள் வெண்மை

மஞ்சக்குட்டைப் பக்கம் காபி பூத்திருக்கிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இந்தப் பங்குனிக் காலையில் நீங்கள் இன்னும் சற்றுத் தள்ளி வாருங்கள். மிளகுக்கொடி தழுவி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில், யாரோ இரவோடு இரவாக வந்து ஒவ்வொரு செடிக்கும் பூச்சூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கண்ணுக்கு முன்பே மூக்குக்கு அழைப்பு வந்துவிடுகிறது. மல்லிகைத் தோட்டம் எங்கோ பக்கத்தில் இருக்கிறது என்றே தோன்றும். வாசம் அப்படி, ஆனால் காபி பிறந்தது வெட்சியின் குடும்பத்தில். ஒரு பூவை மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெட்சியைப் போலவே மெலிந்த குழல். அதன் முனையில் நான்குக்குப் பதில் ஐந்து இதழ்கள், பின்னோக்கி வளைந்து விரிந்த குட்டி விண்மீன். மெழுகின் மினுமினுப்பும் பாலின் குளிர்ச்சியும் கலந்த வெண்மை.

இப்போது கிளையைப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியின் கக்கத்திலும் ஒரு கொத்து. இடைவெளி விட்டுக் கட்டிய பூச்சரம் இதே அளவில்தான் இருக்கும். கோவில் வாசலில் பூக்கட்டும் பெண்ணின் விரல் அறிந்த தாளத்தை இந்தச் செடி எந்தக் கையும் படாமல் அறிந்திருக்கிறது. மேலே அடர்பச்சை இலைகளின் பளபளப்பு, கீழே அந்த வெண்முடிச்சுகள். ஒன்று மற்றதை அழகாக்கிக்கொண்டே கிளை நுனிவரை போகிறது.

இந்த ஒரு காலைக்காகச் செடி காத்திருந்ததும் ஓர் அழகு. பனிக்காலம் முழுக்க அரும்புகள் வெளிர்பச்சையாய், வாய்மூடி உறங்கும். கோடையின் முதல் நல்ல மழை விழவேண்டும். தோட்டக்காரர்களுக்கு அது பூமழை. மழை நனைத்த எட்டுப் பத்து நாளில், சொல்லிவைத்ததுபோல் மொத்தச் சரிவும் ஒரே விடியலில் வெளுக்கிறது. பூத்த அன்றே மீண்டும் மழை வந்தால் காய்ப்பு கெட்டுப்போகும். அதனால் இன்றைய இளவெயிலும் வரம்தான்.

தேனீக்களுக்கும் காலம் குறைவு என்று தெரிந்திருக்கிறது. செடிக்குச் செடி ஒரு மெல்லிய ரீங்காரம். இந்த மலையில் வளரும் அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தைக் கொண்டே காய்த்துவிடும். ஆனாலும் வாசத்தில் அது சிக்கனம் பார்ப்பதில்லை. மூன்று நாள் வாழ்வில் இத்தனை தாராளம்!

1820-களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்தச் சேர்வராயன் மலைக்கு வந்தது காபி. ஏறக்குறைய இருநூறு பங்குனி, சித்திரைகள் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் இந்த வெண்மை தங்கியது இரண்டு மூன்று நாள்தான். நட்டவர்கள் இல்லை, அன்று முகர்ந்தவர்கள் இல்லை. இன்றைய வாசம் இன்றைக்கு இங்கே நிற்பவர்களுக்கு மட்டும்.

நம் மொழி பூவை எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறது! அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் பருவங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தது. உதிர்வதற்கு ‘வீ’. உதிர்ந்து வாடியதற்குச் ‘செம்மல்’. பெருமைக்குரியவரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். வாடியதன்மேல் இரக்கப்படாமல் மரியாதை வைத்த மொழி இது.

மூன்றாம் நாள் இதழ்கள் பழுப்பேறித் தொங்கும். அவை கழன்ற இடத்தில் குண்டூசித் தலையளவு ஒரு பச்சை. அது சிவந்து பழமாக எட்டொன்பது மாதம் ஆகும். கார்த்திகை, மார்கழியில் கூடைகள் வரும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்குக் குனிந்து பாருங்கள். காலடியில் இன்னும் செம்மல் இல்லை. இடுப்புயரக் கிளையில் அலர். அதோ, நுனியில் ஒன்று மட்டும் இன்னும் முகை. வெயில் அதைத் தொட்டிருக்கிறது. கொஞ்சம் நிற்போமா?