மயான காண்டத்தில் சத்தியம்: பாத்திரத்தின் விரதமும் நடிகனின் விளக்கமும்

விரதம் பூண்ட பாத்திரமொன்றை ஏற்று நடிப்பவன் அவ்விரதத்தை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்னும் வினா நமது நாடக ஆய்வுகளில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அரிச்சந்திரன் பொய் சொல்லான். வீடுமன் மணம் முடியான். பாஞ்சாலி கூந்தல் முடியாள். இவை கதையின் தரவுகளாகவே கொள்ளப்படுகின்றன. மேடையில் நிற்பவன் அத்தரவுக்கு உடலும் குரலும் கொடுப்பவன் மாத்திரமே என்பது பொது எண்ணம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் இசை நாடக மேடையில் மிகப் பரவலாக ஆடப்பட்ட மயான காண்டத்தைச் சற்று ஊன்றி நோக்குவோர் இவ்வெண்ணத்தை மீளாய்வு செய்ய நேரிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் தமிழகத்து நாடகக் குழுக்களின் வரவால் இங்கு வேரூன்றிய இவ்வடிவம் கொட்டகைக் கூத்து, ஸ்பெஷல் நாடகம், இசை நாடகம் எனப் பல பெயர்களால் வழங்கிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலானோர் தமிழகத்தில் நிலைநிறுத்திய மரபை ஈழத்துக் கலைஞர் தமதாக்கிக்கொண்டனர். அவர்களுள் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாகவே மக்கள் நினைவில் நிலைத்தவர். அவர் மறைந்த காலத்தை ஒட்டிப் பிறந்த என்போன்றோருக்கு அவரது குரல் ஒலிநாடாக்களின் இரைச்சலூடாகவே கிட்டியது. எனினும் எங்கள் ஊர்களில் மயான காண்டம் என்றதும் முதியோர் முகத்தில் தோன்றும் மாற்றம் அக்குரலின் வீச்சை இன்றும் உணர்த்தும்.

இங்கு முதலில் அவதானிக்கத்தக்கது, அரிச்சந்திரன் கதை முழுவதும் ஆடப்படுவதிலும் அதன் இறுதிப் பகுதி தனியே பிரித்து ஆடப்படுவதே பெருவழக்காயிற்று என்பதாகும். தேவர் சபையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் கொண்ட வாதம், நாடு பறிபோதல், காசியில் சந்திரமதியையும் லோகிதாசனையும் விற்றல் ஆகியன சபையோர் அறிந்தனவாகக் கொள்ளப்பட்டு, திரை விலகும்போது சுடலை காப்பவனாகவே அரிச்சந்திரன் நிற்கின்றான். அரசனை நாம் காண்பதில்லை. அடிமையின் வேலைநேரத்தை மாத்திரமே காண்கிறோம். விரதம் பூண்ட கணம் மேடையில் இல்லை. அதன் விளைவு மாத்திரமே உண்டு. இச்சுருக்கம் விடியுமுன் நாடகத்தை முடிக்கும் நடைமுறைத் தேவையால் நேர்ந்ததாயினும், பொருளடிப்படையில் அது பெரியதொரு மாற்றமாகும். முடிதுறந்த மன்னனின் தியாகக் கதை, கூலிக்கு அமர்ந்தவனின் கதையாக மாறிவிடுகின்றது.

அக்கூலியின் கணக்கு மிகத் தெளிவானது. பிணமொன்று வந்தால் கால்பணமும் முழத்துண்டும் எசமானனாகிய வீரபாகுவைச் சேர வேண்டும், வாய்க்கரிசி காவலனுக்குரியது. பாம்பு தீண்டி இறந்த மைந்தனைச் சுமந்துவரும் சந்திரமதியிடம் இவை எவையும் இல்லை. தன் பங்காகிய வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்க அரிச்சந்திரன் இசைகிறான். எசமானனின் பங்கை விட்டுக்கொடுக்க அவனால் இயலாது. அவள் தன் மனைவி என்றும், கிடப்பவன் தன் மகன் என்றும் அறிந்த பின்னரும் நிலை மாறுவதில்லை.

இவ்விடத்து நாம் கேட்க வேண்டிய வினா எளியது. அரிச்சந்திரன் கொண்ட விரதம் பொய் சொல்லாமை. கட்டணம் பெறாது பிணத்தை எரிக்கவிடுவதில் பொய் எங்கே உளது? எசமானனிடம் சென்று, இன்ன காரணத்தால் இன்னாரிடம் கட்டணம் பெறாது விட்டேன் என உரைத்துத் தண்டனையை ஏற்றிருப்பின் அவன் வாய்மை அணுவளவும் குன்றியிராது. உண்மையில் அங்கு காக்கப்படுவது வாய்மையன்று, ஊழிய ஒப்பந்தம். ஒன்று மற்றொன்றாக மாறிய இடம் எது?

அம்மாற்றத்துக்கு இடமளிப்பது சத்தியம் என்ற சொல்லே. நமது வழக்கில் அது உண்மையையும் குறிக்கும், ஆணையையும் குறிக்கும். சத்தியம் பேசுதலும் சத்தியம் பண்ணுதலும் வேறுவேறானவை. உள்ளதை உள்ளவாறு உரைப்பது முன்னையது. பின்னையது கற்பூரம் கொளுத்தித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது. இவ்விரண்டோடு மூன்றாவதாக, இட்ட வேலையைப் பிழையின்றிச் செய்யும் எசமான விசுவாசமும் அதே சொல்லின் நிழலில் வந்து ஒதுங்கிக்கொள்கின்றது. ஆளும் வர்க்கக் கருத்தியல் பெரும்பாலும் இவ்வாறே தொழிற்படும். புதிய அறமொன்றைப் போதிக்கும் சிரமத்தை அது மேற்கொள்வதில்லை. மக்கள் ஏலவே மதிக்கும் ஓர் அறத்தின் பெயரைத் தனது தேவைக்கு விரித்துக்கொள்கின்றது. வள்ளுவர் வாய்மைக்குத் தந்த வரைவிலக்கணம் பிறர்க்குத் தீங்கு விளையாமையை அளவுகோலாகக் கொண்டது என்பதை இத்துடன் ஒப்பிடுக. அவ்வளவுகோலை மயானத்துக்குக் கொண்டுசெல்லின் அரிச்சந்திரன் அன்றிரவு செய்தது வாய்மையின் பாற்படுமா என்பது ஐயமே.

கதையின் பழைய வடிவம் இதனினும் சுவாரசியமானது. ஐதரேய பிராமணத்தில் வரும் அரிச்சந்திரன் சத்தியசந்தனே அல்லன். மகன் பிறந்தால் அவனையே பலியிடுவதாக வருணனுக்கு வாக்களித்துவிட்டு, பத்து நாள் ஆகட்டும், பல் முளைக்கட்டும், பல் விழட்டும், மீண்டும் முளைக்கட்டும், ஆயுதம் தரிக்கட்டும் எனத் தவணை மேல் தவணை கேட்கின்றான். ஈற்றில் மகன் ரோகிதன் காட்டுக்குச் சென்று, வறுமைப்பட்ட அஜீகர்த்தன் என்ற அந்தணனின் நடுமகன் சுனச்சேபனை நூறு பசுக்களுக்கு வாங்கித் தனக்கு ஈடாகத் தருகின்றான். மகனைத் தூணிற் கட்ட மேலும் நூறு, வெட்ட மேலும் நூறு எனத் தகப்பனே விலை பேசுகின்றான். அங்கே அப்பிள்ளையை மகனாக ஏற்றுக் காப்பவர் விசுவாமித்திரர். பின்னைய கதையின் கொடியவர் முன்னைய கதையில் காப்பாளர்! மார்க்கண்டேய புராணம் வழியாகவும் தமிழில் வீரகவிராயரின் அரிச்சந்திர புராணம் வழியாகவும் நம்மை வந்தடைந்த உத்தமன், தவணை கேட்ட அந்த அரசனின் மீது எழுப்பப்பட்ட திருத்திய பதிப்பாகும்.

திருத்தப்படாத அம்சம் ஒன்றுண்டு. இரு கதைகளிலும் வாக்களித்தவன் ஒருவன், விலைப்பட்டவர் வேறொருவர். சுனச்சேபன் வருணனுக்கு எதையும் நேரவில்லை. சந்திரமதி எந்தச் சபையிலும் விரதம் பூணவில்லை. லோகிதாசனோ தருப்பை பறிக்க அனுப்பப்பட்ட குழந்தைத் தொழிலாளி. பாம்பு தீண்டியது வேலைக்குச் சென்ற இடத்தில். இதனை நாம் விதி என்று பாடக் கேட்டுப் பழகிவிட்டோம்.

இவ்விடத்துச் சிறிது விலகி ஒன்று கூறலாம். மேற்குலக இளைஞர் மேசையைச் சூழ்ந்திருந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ஆட்டங்கள் 1974 இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் தொடக்கம் பெருகியுள்ளன. அவற்றில் துருயிட் எனும் பண்டைக் கெல்திய மதகுருவும் ஒரு பாத்திரம். 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின் விதி, துருயிட்டுகள் உலோகக் கவசம் அணியமாட்டார்கள் என்றது. அணிய முடியாது என்றோ, அணிந்தால் இன்ன கேடு விளையும் என்றோ அது கூறவில்லை. ஆகவே ஆடுவோரிடையே வழக்கு மூண்டது: இது பாத்திரத்தின் சுயவிருப்பா, வெளியிலிருந்து இடப்பட்ட தடையா? உயிர்காக்க ஒருமுறை அணிந்தால் விரதம் முறியுமா? வரலாற்றிலே இவ்விரதத்துக்கு ஆதாரமே இல்லை. துருயிட்டுகள் தம் போதனையை எழுத்தில் வடிப்பதில்லை, போருக்குச் செல்வதில்லை என்று சீசர் எழுதினார். பொன் அரிவாளால் புல்லுருவி கொய்ததாகப் பிளினி எழுதினார். உலோக வெறுப்பு எங்குமில்லை. ஆட்டத்தை வகுத்தோர் தமது தேவைக்கு இட்ட வேலியொன்று பாத்திரத்தின் மனச்சான்றாக எழுதப்பட்டுவிட்டது. இவ்விளையாட்டுச் சர்ச்சையை இங்கு குறிப்பிடக் காரணம், மாட்டான் என்ற வினைமுற்றின் வலிமையை அது வெளிக்காட்டுவதே. ஒருவன் விரும்பமாட்டான் என்பதை அவனுக்காக மற்றொருவர் எழுதிவைத்திருக்கையில், அதனை ஏற்று ஆடுபவன் எழுதியவர் யாரென்று கேட்கக் கடமைப்பட்டவன். அரிச்சந்திரன் விட்டுக்கொடுக்கமாட்டான் என்று எழுதியவர் யார்?

நமது மண்ணில் இவ்வினா விளையாட்டன்று. யாழ்ப்பாணச் சமூகத்தில் மயானம் சாதியின் எல்லைக்கோடாக இருந்துவந்துள்ளது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தம் இறந்தோரைத் தகனஞ் செய்யும் உரிமையே மறுக்கப்பட்ட காலம் இருந்தது. 1944 இல் யாழ்ப்பாண நகரின் வில்லூன்றி மயானத்தில் அவ்வுரிமையை நிலைநாட்ட முனைந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்து ஓர் உயிர் பலியாயிற்று. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் வந்தது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னரே, 1966 ஒக்டோபர் எழுச்சியுடன், தேநீர்க்கடைகளும் கோயில்களும் போராட்டக் களங்களாயின. மயானப் பிரச்சினை அத்தோடு தீர்ந்ததா? 2017 இலும் புத்தூர் கலைமதி மக்கள் குடிமனைகளுக்கு நடுவே உள்ள சுடலையை அகற்றுமாறு கோரிப் போராட வேண்டியிருந்தது.

இச்சமூகத்துச் சபையோர் முன்னிலையில்தான் அரிச்சந்திரன் புலையனுக்கு அடிமையாகிப் பிணம் எரிக்கின்றான். சபையின் கண்ணீரில் ஒரு பங்கு அவன் மகனை இழந்தமைக்கானது. இன்னொரு பங்கு, அரசன் இத்தொழில் செய்ய நேர்ந்ததே என்பதற்கானது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மார்க்கண்டேய புராணம் அந்த இரண்டாம் பங்கை நன்கறிந்தே, சண்டாளனாக வந்தவன் தருமதேவதையே என்று இறுதியில் கூறி உயர்குலத்தோர் மனத்தை ஆற்றிவிடுகின்றது. அரசன் உண்மையில் எந்தப் புலையனுக்கும் ஊழியம் செய்யவில்லையாம். அன்றாடம் உண்மையிலேயே அத்தொழிலைச் செய்பவனுக்கோ தேவதை எவரும் வெளிப்படுவதில்லை.

இக்காரணங்களால் மயான காண்டத்தை நிலமானிய எச்சமெனத் தள்ளிவிட வேண்டும் என்போர் நம்மவரிடையே உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறுபதுகளின் இறுதியில் என். கே. ரகுநாதனின் கந்தன் கருணை கூத்து வடிவிலேயே ஆலயப் பிரவேசப் போராட்டத்தை மேடையேற்றியபோதும், மௌனகுருவின் சங்காரம் வடமோடி ஆட்டத்தை வர்க்கப் போராட்டத்துக்கு வரித்துக்கொண்டபோதும், பழைய வடிவம் புதிய உள்ளடக்கத்தைத் தாங்கும் என்பது நிறுவப்பட்டது. மயான காண்டத்தின் நிலை அவற்றினின்றும் வேறானது. இங்கு உள்ளடக்கத்தை மாற்றவே வேண்டியதில்லை. முரண்பாடு பிரதியினுள்ளேயே கிடக்கின்றது. கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி என்ற மூன்று சொற்களில் உற்பத்தியுறவு முழுவதும் அடங்கியிருக்கின்றது. தானியமும் துணியும் கூலியாகப் பெற்ற குடிமைத் தொழிலாளர் நிறைந்த சபையில் அச்சொற்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

ஆகவே கேள்வி நடிகனைச் சார்ந்ததாகின்றது. பெரும்பாலான நடிகர், எசமானன் பங்கைக் கேட்கும் இடத்தில் குரலை உயர்த்தி, வானை நோக்கி, ஓர் இலட்சிய வீரனாக நிமிர்ந்து பாடுகின்றனர். விரதத்தைத் தன் உடைமையாகக் கொள்ளும் விளக்கம் இது. கைதட்டல் பெறுவதும் இதுவே. பிறிதொரு விளக்கமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துக் கோயிற் திருவிழாவொன்றில், பெயர் பெறாத குழுவொன்றின் நடிகர், வாய்க்கரிசியை விடுகிறேன் என்ற இடத்தில் பாட்டை நிறுத்தினார். ஆர்மோனியம் மாத்திரம் தொடர்ந்தது. அவர் தன் வெறுங்கையைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். அதன்பின் முழத்துண்டைக் கேட்கையில் சந்திரமதியையும் நோக்காது வானையும் நோக்காது, வீரபாகு சென்று மறைந்த பக்கத்திரையை நோக்கியே பாடினார். குரல் தாழ்ந்திருந்தது. பிரதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விரதம் முறியவுமில்லை. அது எவருடையது என்பது மாத்திரம் தெரிந்துவிட்டது.

நிறைகள் கூறிய நான் குறையும் கூற வேண்டும். அந்நடிகர் கண்டுகொண்டதைச் சந்திரமதியாக வந்தவர் கண்டுகொள்ளவில்லை. வழமையான ஒப்பாரியுடன் அப்பாத்திரம் நின்றுவிட்டது. கால்பணம் தேடிப் புறப்படும் அவள், தான் செய்யாத கொலைக்குப் பழியேற்று அதே கணவனின் வாளின் கீழ் வந்து குனிய இருப்பவள். கணவனின் சொல்லுக்குக் கணவனின் கையாலேயே தலை கொடுக்க வேண்டிய அவளது மௌனம் இணக்கமா, எதிர்ப்பா என்பதை எந்த மேடையும் இன்னும் கேட்டதாகத் தெரியவில்லை. வாள் மாலையாகிப் போவதால் அக்கேள்வி ஒவ்வோரிரவும் தப்பித்துக்கொள்கின்றது.

நாடகம் முடிந்து விடிகாலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த முதிய தோட்டத் தொழிலாளி ஒருவரிடம், அரிச்சந்திரன் செய்தது சரியா என்று வினவினேன். சற்று யோசித்துவிட்டு, "அரிசி அவன்ரை, அதை விட்டிட்டான். துண்டு முதலாளியின்ரை எல்லே தம்பி, அதை அவன் எப்பிடி விடுறது? விட்டால் அடுத்த நாள் வேலை இல்லை" என்றார். சத்தியம் என்ற சொல்லை அவர் ஒருமுறையேனும் உச்சரிக்கவில்லை.