குருவின் சொல்

நாவலாசிரியனுக்குக் கெட்டவனைப் படைப்பது சுலபம். நல்லவனைப் படைப்பது கஷ்டம். ஒரு நல்லவன் இன்னொருவனை நல்வழியில் நடத்திச் செல்வதை, வாசகர் கொட்டாவி விடாதபடி எழுதுவது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். உபதேசம் செய்கிற பாத்திரம் வாயைத் திறந்ததும் கதை நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

டாஸ்டாவ்ஸ்கி தம் கடைசி நாவலான 'கரமஸாவ் சகோதரர்க'ளில் இந்தக் கஷ்டத்தைத் தாமே வலியப் போய் ஏற்றுக்கொண்டார். 1879, 1880 ஆகிய ஆண்டுகளில் பத்திரிகையில் தொடராக வெளிவந்த நாவல் அது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கொலைக் கதை. தந்தை கொல்லப்படுகிறார், மூத்த மகன் டிமித்ரியின்மேல் பழி விழுகிறது. அதற்குள்ளே இன்னொரு கதையும் இருக்கிறது. கடைசி மகன் அல்யோஷா, இருபது வயதுப் பையன், ஸோஸிமா என்ற வயோதிகத் துறவியின் சிஷ்யனாக மடாலயத்தில் இருக்கிறான். இந்த இருவருக்கும் இடையில் நடப்பதே நாவலின் உயிர்நிலை என்று எனக்குப் படுகிறது.

ருஷ்ய மடாலயங்களில் இப்படிப்பட்ட ஞானகுருவை 'ஸ்தாரெத்ஸ்' என்பார்கள். பெரியவர் என்று பொருள் சொல்லலாம். சிஷ்யன் தன் சித்தத்தையே அவர் கையில் ஒப்படைத்துவிடுவான். மனத்தில் உள்ளது எதையும் அவரிடம் ஒளிக்கமாட்டான். இது இருபுறமும் கூருள்ள ஆயுதம் என்பதை டாஸ்டாவ்ஸ்கி மறைக்கவில்லை. சிலரை அடக்கத்துக்கும், சிலரைச் சைத்தானுக்கே உரிய கர்வத்துக்கும் அது கொண்டுபோய் விடக்கூடும் என்று கதையிலேயே எச்சரிக்கிறார்.

இது ஏட்டுப் படிப்பில் மட்டும் அறிந்த விஷயமல்ல. 1878 மே மாதத்தில், மூன்று வயதுகூட நிரம்பாத அவருடைய மகன் வலிப்பு நோயில் இறந்துபோனான். அந்தக் குழந்தையின் பெயரும் அல்யோஷாதான். அடுத்த மாதம், விளாதிமிர் ஸொலவியோவ் என்ற இளம் தத்துவ அறிஞருடன் அவர் ஆப்டினா மடாலயத்துக்குப் போய், அங்கிருந்த பெரியவர் அம்புரோஸைக் கண்டு பேசினார். அவரிடம் கேட்ட ஆறுதல் மொழிகள் நாவலில் இடம்பெற்றிருப்பதாக டாஸ்டாவ்ஸ்கியின் மனைவி அன்னா எழுதிவைத்திருக்கிறார்.

அந்த இடத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். குழந்தையை இழந்த குடியானவப் பெண் ஒருத்தி ஸோஸிமாவிடம் வருகிறாள். உன் குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறது என்று அவர் வழக்கமான ஆறுதலைச் சொல்கிறார். என் புருஷனும் இதையேதான் சொன்னான் என்கிறாள் அவள். பெரியவர் அதே பேச்சைத் திரும்பச் சொல்லவில்லை. அப்படியானால் ஆறுதலடையவேண்டாம், அழு என்கிறார். பிறகு, வீட்டைவிட்டு வந்து மூன்று மாதமாகிறதே, புருஷனிடம் திரும்பிப் போ என்று அனுப்பிவைக்கிறார். வந்தவளின் முகம் பார்த்துத் தம் சொல்லை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் அவர். யாரையும் தம்மிடமே நிறுத்திக்கொள்ளவும் அவருக்கு விருப்பமில்லை. அல்யோஷாவிடமும், உன் இடம் இந்த மடாலயமல்ல, உலகத்துக்குள் போ என்றே சொல்கிறார்.

மரணப் படுக்கையில் அவர் அல்யோஷாவுக்கு ஓர் அவசரமான வேலை தருகிறார். உன் அண்ணன் டிமித்ரிக்குப் பெரிய துன்பம் காத்திருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனைத் தேடிப் போ என்கிறார். அன்றிரவே அவர் உயிர் பிரிகிறது. அற்புதம் நடக்கும் என்று மடாலயம் காத்திருக்க, மறுநாள் சடலத்திலிருந்து துர்நாற்றம் வீசுகிறது. விரோதிகள் சிரிக்கிறார்கள். அல்யோஷா உடைந்துபோகிறான்.

இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது பலரும் அந்தத் துர்நாற்றத்தைப் பற்றியே பேசுவார்கள். அதைவிடப் பெரிய விஷயமாக எனக்குத் தோன்றுவதை டாஸ்டாவ்ஸ்கி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அன்று அல்யோஷா டிமித்ரியை அடியோடு மறந்துவிட்டான். டிமித்ரியால் அவமானப்பட்ட ஓர் ஏழைக் கேப்டனுக்குக் கொடுக்கவேண்டிய 200 ரூபிளையும் மறந்துவிட்டான். அவனுடைய அன்பு முழுவதும் செத்துப்போன ஒரு கிழவர்மேல் குவிந்து கிடந்தது. அதே இரவில்தான் தந்தை கொலையுண்டார்.

குருவை நேசித்த நேசத்தில் குருவின் சொல்லைச் சிஷ்யன் தவறவிட்டான். அவன் போயிருந்தால் கொலை நின்றிருக்குமா? நாவலாசிரியர் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை; சிஷ்யனைத் திட்டவுமில்லை. ஆனால் மதத் துறையில் வழிகாட்டுகிறவர்களுக்கும் வழிகாட்டப்படுகிறவர்களுக்கும் நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்தை, ஒரு பழிச்சொல்கூடச் சொல்லாமல், அந்த ஒரே இரவில் வைத்துவிட்டார். ஆசானின் காலடியில் விழுந்து கிடப்பது சுகமாயிருக்கிறது. அவர் அனுப்பிய வீட்டுக்குப் போவது சுகமாயில்லை. பக்தி என்று நாம் பெயர் கொடுக்கிற எத்தனையோ காரியம் இந்தச் சுகந்தான்.

ஸோஸிமாவின் போதனைகளைத் திரட்டித் தருகிற ஆறாம் புத்தகம் எனக்கு அவ்வளவு திருப்தி தரவில்லை. இவானின் வாதங்களுக்குப் பதிலாக டாஸ்டாவ்ஸ்கி அதை எழுதினார். ஆனால் இவான் பேசும்போது இருக்கிற வேகம் அதில் இல்லை. உண்மையான பதில் அங்கே இல்லை. பையன்கள் வருகிற பகுதிகளில் இருக்கிறது.

அந்தக் கேப்டனின் மகன் இல்யூஷா நோயில் கிடக்கிறான். அவனோடு சண்டை போட்ட பள்ளித் தோழர்களை அல்யோஷா ஒவ்வொருவராக, தற்செயலாக வந்ததுபோல், அவன் படுக்கையருகே கொண்டுவந்து சேர்க்கிறான். கோல்யா என்ற கர்வக்காரப் பையன் மட்டும், தானே வரும்போதுதான் வருவேன் என்கிறான். அவன் வந்தபோது, பெரிய மனிதன்போல் அவன் பேசுகிற பேச்சையெல்லாம் சிரிக்காமல் கேட்டு, சமமாகப் பதில் சொல்கிறான் அல்யோஷா. ஓர் இடத்திலும் பிரசங்கமில்லை. இல்யூஷாவை அடக்கம் செய்த பிறகு பையன்களிடம் கொஞ்சம் பேசுகிறான். அப்போதும் அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது இறந்த தோழனையும், அவனிடம் அன்பாயிருந்த அந்த நாட்களையுந்தான். மடாலயத்தையோ ஸோஸிமாவையோ பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆனாலும் குருவின் சொல்லை அவன் கடைசியில் கேட்டுவிட்டான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நாவல் மிகப் பெரியது. ருஷ்யப் பெயர்கள் ஆரம்பத்தில் தடுக்கும். கொலை செய்தது யார் என்று அறியும் ஆவலில் படிக்கத் தொடங்கினாலும் பரவாயில்லை; பாதியில் நிறுத்தாமல் பையன்கள் வரும்வரை படித்தால் போதும்.