அயலார்க்கும் ஓர் இருக்கை

ஒரு மொழியைக் கடல் கடந்து வளர்க்கப் புகுந்தோர் அதனை யாருக்குக் கற்பிக்கின்றனர் என்பதே அம்முயற்சியை அளக்கும் கோல் என்பது நமது கருத்து.

ஸ்பெயின் தேசத்து அரசாங்கம் 1991ஆம் ஆண்டில் தன் மொழிக்கென ஒரு நிலையத்தை நிறுவிற்று. அதற்கு அரசன் பெயரை இடாமல், ‘டான் குவிக்ஸோட்’ எழுதிய செர்வாண்டிஸ் பெயரை இட்டனர். மணிலா முதலிய நகரங்களில் அது வகுப்பு நடத்துகின்றது. தேர்வு வைத்துச் சான்றிதழ் அளிக்கின்றது. அங்கு வந்து அமர்வோர் பெரும்பாலும் அயலாரே.

நிற்க. நம் நிலை யாது? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூர் வந்தது. அத்துறையில் வடமொழிக்கே முதலிடம் என்ற பேச்சு எழுந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணியார் முன்னின்று எதிர்த்தார்; ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தோட்டத்தாரும் நகரத்தாரும் மனமுவந்து கொடுத்தனர். பின்னாளில் அத்துறைக்குத் தலைவரான தனிநாயக அடிகள், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். அவ்வாண்டிலேயே, அந்தாவோ தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியையும் மீண்டும் வெளியிட்டார்.

மாநாட்டை நாம் மறந்திலோம். அகராதியை நினைப்பார் அரியர். ஆயினும் நமக்குரிய பாடம் அகராதியில்தான் உள்ளது. அயலார் ஒருவர் தமிழைக் கற்று, தமக்குப்பின் வரும் அயலார்க்காகச் சொற்களைத் தொகுத்த நூல் அது. அவர் நோக்கம் மதப்பிரசாரமே. எனினும் உழைப்பு உழைப்பே.

டெங்கிலில் தமிழ்ப்பள்ளி உண்டு. மலாய்க்காரரும் சீனரும் நம்முடன் வாழ்கின்றனர். அவருள் ஒருவர் தமிழ் கற்க விரும்பினால் எங்குச் சென்று அமர்வார்? எந்த முதற்புத்தகத்தை அவர் கையில் கொடுப்போம்? மேடையும் மாலையும் உண்டு. மாலை வகுப்பு எங்கே? தமிழின் பெருமையைத் தமிழர்க்கே ஓயாது உரைத்தல், வீட்டாரே கூடியுண்டு அதனை விருந்து என்பது போலாம். அயலார் விரும்பிக் கற்கும் மொழியைத் தம் பிள்ளைக்குக் கற்பிக்க எப்பெற்றோரும் தயங்கார். ஆதலின் அயலார்க்கு இடும் இருக்கை நம் பிள்ளைகளுக்கும் அரணாகும்.

ஸ்பானியர்க்கு அரசாங்கப் பணம் உண்டு, நமக்கு இல்லையே எனின், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டிப் பொருளீந்த மக்கள், ஊருக்கொரு மாலை வகுப்பு நடத்த இயலாதவரா? ‘உயிர்’ என்றோம், அதனைப் பூட்டி வைப்பதா, பகிர்ந்தளிப்பதா என்பதை நாம்தாம் முடிவு செய்தல் வேண்டும்.