இரண்டு இதழ்களுக்கு நடுவே

ஒரு சிற்றிதழின் முதல் இதழை வைத்து அதன் ஆசிரியரை நான் எடை போடுவதில்லை. முதல் இதழ் யாருக்கும் நன்றாகவே வந்துவிடும். நண்பர்களிடம் கேட்டு வாங்கிய கவிதைகள், பல வருடம் மனதில் ஊறிய தலையங்கம், கைக்காசு எல்லாம் அதில் இறங்கியிருக்கும். ஐந்தாவது இதழைப் புரட்ட வேண்டும். கையிருப்புத் தீர்ந்து, சந்தா அனுப்புகிறேன் என்றவர்கள் மறந்துபோய், அச்சகத்தில் பாக்கி நிற்கும் நேரத்தில் வருவது அது. அப்போதும் பக்கங்களில் பதற்றம் தெரியவில்லை என்றால் ஆசிரியருக்குக் கை படிந்துவிட்டது.

கோவையில் அப்படிக் கை படிந்தவர்களில் முதலாமவர் ஞானி. 1935இல் சோமனூரில் பிறந்த பழனிச்சாமி. தொழிலால் தமிழாசிரியர், நம்பிக்கையால் மார்க்சியர். 1960களின் இறுதியில் ‘புதிய தலைமுறை’, பிறகு வானம்பாடி இயக்கம், ‘பரிமாணம்’, ‘நிகழ்’, கடைசியாக ‘தமிழ்நேயம்’. பெயர்கள் மாறின, கூட இருந்தவர்களும் மாறினார்கள், இதழ் போடுவது மட்டும் விடவில்லை. அவருடைய ஆய்வு நூல்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த இதழ்க் கணக்குதான்.

1971இல் கோவையில் தொடங்கிய ‘வானம்பாடி’யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். புவியரசு, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், ஞானி என்று ஒரு கூட்டமே அதில் இருந்தது. ‘விலையிலாக் கவிமடல்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட இதழ் அது. விலை இல்லை என்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது, ஒரு சௌகரியமும் இருக்கிறது. காசு வாங்காதவனிடம் ‘எங்கே அடுத்த இதழ்?’ என்று யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது. உற்சாகம் இருந்தபோது பறந்தது, கருத்து வேறுபாடு வந்தபோது கூட்டம் கலைந்தது. அதன் கவிதைகளில் உரத்த குரல் அதிகம் என்ற பழைய புகாரோடு எனக்கும் உடன்பாடு உண்டு. இருந்தாலும் அந்தச் சூட்டை ஒழுங்கான கால அட்டவணைக்குள் அடைத்திருந்தால் அது பிறந்தே இருக்காது.

நேர் எதிர் முனையில் ஜி.ஆர். தாமோதரன் தொடங்கிய ‘கலைக்கதிர்’. அறிவியலைத் தமிழில் சொல்வதற்கென்றே 1940களின் இறுதியில் பிறந்த மாத இதழ். அதற்கு ஓர் அச்சகமும் கல்வி நிறுவனங்களின் பின்பலமும் இருந்தன. மாதம் பிறந்தால் இதழ் பிறக்கும். பாராட்ட வேண்டியதுதான், ஆனால் அந்த ஒழுங்கில் பாதி நிறுவனத்துடையது. தனியாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதழ் நடத்தும் அழகு வேறு.

அந்தத் தனியாளுக்கு அரசாங்கமும் ஒரு கணக்கு வைத்திருந்தது. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின்படி, 31 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் வருவதும் உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருப்பதும்தான் சலுகைக் கட்டணத்துக்குரிய பத்திரிகை. இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வரும் சிற்றிதழ்கள் அந்த வேலிக்கு வெளியே நின்றன. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று உள்ளே ஒரு வரி, மேலே புக் போஸ்ட் தபால்தலை. சலுகைக்காக மாதா மாதம் ஓடலாம் என்று இறங்கி மூச்சு வாங்கி நின்றுபோனவையும் உண்டு.

தறியில் பாவு சரியாக ஓட்டாமல் ஊடையைத் தட்டினால் என்ன ஆகும் என்று சோமனூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதழ்த் திட்டமும் அப்படித்தான். பதினாறு பக்கம் ஒரு பாரம். மூன்று பாரம் என்று முடிவானால் நாற்பத்தெட்டுப் பக்கம், அதில் நடுவே ஒரு நீண்ட கட்டுரை, அதன் கனத்தைத் தாங்க இரண்டு பக்கமும் கவிதை, பின்னால் நூல் மதிப்புரை. கட்டுரை இரண்டு பக்கம் கூடினால் எந்தக் கவிதை அடுத்த இதழுக்குப் போகும் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தள்ளிப்போன கவிதைதான் அடுத்த இதழின் முதல் முடிச்சு. கையில் எப்போதும் கொஞ்சம் மீதி வைத்திருப்பவர்தான் தொடர்ந்து நடத்துகிறார்.

‘நிகழ்’ நடந்த ஆண்டுகளில் சோவியத் யூனியன் உடைந்தது. மார்க்சியத்துக்கு இனி என்ன இடம், பின்நவீனத்துவம் நமக்கு ஆகுமா, தமிழ் மரபை எங்கே வைப்பது என்று சண்டை சூடாக இருந்த நேரம். ஒரு கட்டுரை வாசகருக்குத் தபாலில் போய்ச் சேர்ந்து, அவர் படித்து, இரண்டு நாள் கோபப்பட்டு, மறுப்பு எழுதி அனுப்பி, அது அச்சேறக் காலம் வேண்டும். இடைவெளி குறைந்தால் வெறும் கோபம் மட்டும் வந்து விழும், கூடினால் வாதமே ஆறிப்போகும். நல்ல சிற்றிதழாசிரியரின் ரசனை இந்த இடைவெளியை அளப்பதில் இருக்கிறது. ஜெயமோகனின் ‘போதி’, ‘படுகை’ போன்ற ஆரம்பக் கதைகளுக்கும் ‘நிகழ்’ இடம் கொடுத்தது. தன் கொள்கைக்குள் அடங்காத கதையையும் தன் இதழில் போடும் மனசு எல்லாக் கொள்கைக்காரர்களுக்கும் வாய்ப்பதில்லை.

1980களின் பிற்பகுதியில் நீரிழிவு ஞானியின் பார்வையை எடுத்துக்கொண்டது. வந்த கட்டுரைகளை ஒருவர் வாசிக்க, இவர் கேட்டார். இவர் சொல்ல, ஒருவர் எழுதினார். ‘தமிழ்நேயம்’ அதற்குப் பிறகு தொடங்கிய இதழ் என்பதை நினைத்துப் பாருங்கள். கண்ணால் மேயும் ஆசிரியர் பாதிப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். காதால் கேட்பவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் வந்தே தீரும். சவசவ என்று நீளும் எழுத்து அவரை எவ்வளவு படுத்தியிருக்கும்! 2009இல் கனடா இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது கொடுத்தது. 2020 ஜூலையில் அவர் மறைந்தார்.

ஜெயமோகன் ‘வெண்முரசு’ வரிசையை முடித்ததும் அதே மாதம்தான். 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி நாளுக்கொரு அத்தியாயமாக இணையத்தில் வந்த 26 நாவல்கள். டிசம்பர்தோறும் கோவையில் விஷ்ணுபுரம் விருது விழாவுக்குக் கூடுகிறவர்களில், விடிந்ததும் அன்றைய அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் பல் விளக்கியவர்கள் உண்டு. அதுவும் இடைவிடாத ஓட்டமில்லை. ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓய்வு விட்டே வந்தது. அந்த உழைப்பைப் பார்த்து வாய் பிளக்கிறேன். ஆனாலும் எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழ்தான் பிடிக்கிறது. உடன்படாத கட்டுரைக்குப் பதில் எழுதி, கிழித்துப் போட்டு, அந்த ஆள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே என்று யோசித்து, மறுபடி எழுதவும் அதில் நாள் இருக்கிறது.